கூட்டத்துக்கு ஒரே நீலம்

அக்காவின் நைட்டியில் இருந்த பூக்களைக் காணவில்லை.

அவன் அதை உடனே கவனித்துவிடவில்லை. காலையில் அவள் காபியைக் கொண்டுவந்து, தூரிகை கழுவிய கறுப்புத் தண்ணீர் டம்ளரைத் தள்ளி நகர்த்திவிட்டு மேசை ஓரத்தில் வைத்தாள். "எதைக் குடிக்கிறேன்னு பார்த்துக் குடி" என்று வழக்கமான எச்சரிக்கையையும் கூடவே வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ உறுத்தியது. இரண்டு வாய் குடித்த பிறகுதான் உறைத்தது. வெள்ளையும் மஞ்சளுமாக உடம்பு முழுக்கப் பொடிப்பூ போட்ட நைட்டி அது. மூன்று வருஷமாக வாரத்தில் நான்கு நாள் அவன் கண்முன்னால் உலாவுகிற நைட்டி. இப்போது அதில் மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே நீலமாக இருந்தது.

"புதுசா?" என்றான்.

"எது?"

"நைட்டி."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? மூணு வருஷமா இதைத்தானே போட்டுத் தேய்க்கிறேன். எனக்குப் புதுசு வாங்கித் தர ஆள் வரிசையில நிக்குது பாரு."

சொல்லிக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட, அவன் தலையெழுத்து, இரண்டு அறை வீட்டில் ஒன்று அவளுடைய ஆபீஸாகிவிட்டது. நடுவில் இருக்கிற சுவர் பேருக்குத்தான் சுவர். "வணக்கம் சார், சொல்லுங்க சார், தண்ணி வெளிய வருதா, உள்ளயே நிக்குதா?" என்று ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. சம்பளத்துக்கு எட்டு மணிநேரம், சும்மா எட்டு மணிநேரம் பேசுகிறவள். தூக்கத்தில் பேசுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பூ போன கதையை மேற்கொண்டு யோசிக்க அவனுக்கு நேரமில்லை. ஐந்தாம் பக்கம் நான்காவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது.

சூறாவளியான் என்கிற பறக்கும் வீரனை அவன் ஏழு வருஷமாகக் காமிக்ஸ் புத்தகங்களுக்கு வரைகிறான். எல்லாம் கம்ப்யூட்டரில். எண்ணெய் தடவிய மாதிரி மின்னும் புஜங்கள், வியர்வைத் துளி ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கின் வெளிச்சம், முடிக்கு முடி தனி நிழல். அதைக் கற்றுக்கொள்ளவே பாதி ஆயுசு போயிற்று. இப்போது முதலாளிக்குத் திடீரென்று ஞானம் பிறந்திருக்கிறது. அதே வீரனை, அதே கதையை, அறுபது வருஷத்துக்கு முன்னால் அச்சான மாதிரி மறுபடி வரைய வேண்டுமாம். சொரசொரப்பான தாள், நான்கே மை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிற நிறம். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. தூரிகையும் மையும்தான்.

"பழசு மாதிரி இருந்தா போதாது சார். பழசாவே இருக்கணும்" என்று எடிட்டர் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல், மூடிப்போன ஏதோ ஓர் அச்சகத்தின் கிடங்கில் கிடைத்ததாக ஒரு பழுப்புத் தாளையும் அனுப்பிவைத்தார். அந்தக் காலத்து ஓவியர்களுக்கான முறைத்தாள். டைப் அடித்தது, துருப்பிடித்த குண்டூசி ஒன்று இன்னும் அதில் குத்தியிருந்தது. கனத்த கறுப்பு வரும் இடங்களை எல்லாக் கட்டத்திலும் முதலிலேயே நிரப்பிக் காயவிடு, கோடுகள் அப்புறம். கூட்டத்துக்கு ஒரே நிறம் போதும். கூட்டத்துக்குக் கண் வேண்டாம், வாய் வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு முகத்துக்கு மட்டும் முழு வேலைப்பாடு, அதை அலறுகிற முகத்துக்குக் கொடு. இப்படி ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு வரியும் எவனோ ஒருத்தன் பின்னால் நின்று அதட்டுகிற தொனியில் இருந்தது. அந்தத் தாள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஈரக்காகித வாடை அடிக்கிறது என்று அக்கா மூன்று தடவை ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துவிட்டாள்.

ஐந்தாம் பக்கத்தில் ஆறு கட்டங்கள். நகரத்தின் நடுவில் மணிக்கூண்டு சாய்கிறது. கீழே கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. சூறாவளியான் இன்னும் வந்து சேரவில்லை. கடைசிக் கட்டம் பக்கத்தின் அகலத்துக்கு ஒரே ஒரு பெண்முகம், வாய் பிளந்து அலறுகிற முகம். முறைத்தாள் சொன்னபடி ஆறு கட்டத்துக்கும் கறுப்பை முதலிலேயே நிரப்பி வைத்திருந்தான். மணிக்கூண்டின் நிழல், தெருவின் பள்ளங்கள், கடைசிக் கட்டத்தில் அந்தப் பிளந்த வாய். முகம் இன்னும் வரவில்லை. வெள்ளைத் தாளில் வாய் மட்டும் ஒரு குழியாகக் காத்துக்கொண்டிருந்தது.

முதல் கட்டத்துக் கூட்டத்தில்தான் அவன் ஒரு குசும்பு செய்திருந்தான். மூன்று நாளைக்கு முன்னால், பக்கம் இரண்டாவது தடவை திரும்பி வந்த எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அப்பால் அக்கா ஒரு மூதாட்டிக்குத் துணி உலர்த்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முக்கால் மணிநேரமாக விளக்கிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசு என்று இரண்டு தடவை கத்தினான். "மெதுவா பேசினா அவங்களுக்குக் கேக்காதுடா" என்று பதில் வந்தது. வயிற்றெரிச்சல் தாங்காமல் அவளையே கூட்டத்தில் வரைந்துவிட்டான். இடமிருந்து மூன்றாவது ஆள். வட்டக் கண்ணாடி, உச்சிக் கொண்டை, பூப்போட்ட நைட்டி, சாய்கிற மணிக்கூண்டைப் பார்த்துக்கூட வாய் மூடாமல் பேசுகிற முகம். வரைந்துவிட்டுத் தனியாகச் சிரித்தான். நேற்று சாயங்காலம் முறைத்தாளின்படி கூட்டம் முழுவதன்மேலும் ஒரே நீலத்தை இழுத்துவிட்டான். பூக்கள் உள்ளே போய்விட்டன. பக்கத்தைப் போட்டோ எடுத்து எடிட்டருக்கு அனுப்பினான்.

பதினொரு மணிக்கு எடிட்டர் கூப்பிட்டார்.

"அந்தக் கண்ணாடி போட்ட அம்மா யாரு சார்?"

"எந்த அம்மா?"

"கூட்டத்துல, மூணாவதா நிக்கிறாங்களே. போட்டோவுல பார்த்தாலே கண்ணு நேரா அவங்ககிட்டதான் போகுது. கூட்டம்னா கூட்டமா இருக்க வேணாமா? முறைத்தாளைப் படிச்சீங்களா, இல்லையா?"

"படிச்சேன். நீலம் போட்டுட்டேனே."

"நீலம் சரி. அதுக்கு முகம் எதுக்கு? நாளைக் காலைல பக்கம் பிரஸ்ஸுக்குப் போகணும் சார். எடுத்துடுங்க."

போனை வைத்தபோது அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஏழு வருஷம் முடிக்கு முடி வரைந்து பழகிய கையைப் பிடித்து, இதை எடு, அதை எடு, எல்லாவற்றையும் எடு என்றால்? பிளேடைத் தேடி எடுத்தான். கெட்டித் தாளில் காய்ந்த மையைப் பிளேடால் நோகாமல் சுரண்டினால் பொடியாக வந்துவிடும். சுரண்டிய இடத்தில் மறுபடி மை போட மட்டும் முடியாது. தாளின் நார் எழும்பி நின்று மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் ஒரு பக்கத்தைப் பாழாக்கிக் கற்றுக்கொள்கிற பாடம் அது.

முதலில் கண்ணாடியைச் சுரண்டினான். கறுப்புப் பொடி கட்டைவிரலில் ஒட்டியது.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்" என்றது சுவர். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம், மூடும் சத்தம். "டேய், என் கண்ணாடியைப் பார்த்தியா?"

"மூக்கு மேல பாரு."

"மூக்கு மேலதான்டா இருந்துச்சு."

இவளுக்கு எப்போதும் இதே வேலை. பிளேடைத் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்களைச் சுரண்டினான். எறும்பின் தலை அளவுகூட இல்லாத இரண்டு புள்ளிகள். வலது, பிறகு இடது.

"டேய், கரண்ட் போயிடுச்சா?"

மேசை விளக்கு அவன் முகத்தருகில் எரிந்துகொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்லையே."

"இங்க ஒரே இருட்டா இருக்கு."

"ஸ்விட்சைப் போடு. மனுஷனை வேலை செய்ய விடு."

"போட்டேன்டா. போட்டுட்டேன். நீ கொஞ்சம் வந்து..."

அவன் வாயைச் சுரண்டினான்.

அதற்குப் பிறகு சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது. வீட்டில் இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் அமைதியை அவன் அனுபவித்ததில்லை. வெளியே வெயில் மங்கி, மழை வருவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம் ஜன்னலில் அசையாமல் நின்றது. கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது, சாயங்காலம் ஏதாவது வாங்கிக்கொடுத்துச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தான். தூரிகையை நனைத்துக்கொண்டு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம், ஐந்தாம் கட்டம் என்று முடித்துக்கொண்டே போனான். கை அத்தனை சுத்தமாக ஓடியது. முறைத்தாளை அடிக்கடி பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை.

எப்போதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் மெல்லிய மணி. அடிக்கும், ஓயும், இரண்டு விநாடி கழித்து மறுபடி அடிக்கும். அக்காவின் ஹெட்போனில் அழைப்பு வருகிற மணி. இரண்டாவது மணிக்குள் எடுத்தாக வேண்டும் என்பது அவள் வேலையில் சட்டம். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மூன்றாவது மணி அடித்து அவன் கேட்டதில்லை. இப்போது அது அடித்துக்கொண்டே இருந்தது. ஈரக்காகித வாடை வேறு, தாளிலிருந்து வருவதை விட்டுவிட்டு, கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறையிலிருந்து வர ஆரம்பித்திருந்தது.

தூரிகையை வைத்தான். கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்புப் பொடி கண்ணில் பட்டது. மூக்கு மேலதான்டா இருந்துச்சு. இங்க ஒரே இருட்டா இருக்கு. சொன்ன வரிசையும் சுரண்டிய வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். சொன்ன குரல் அவன் குரலாக இல்லை.

"அக்கா?"

மணி அடித்தது.

கதவு தாழிடப்படவில்லை. தள்ளினான். அவள் அவனுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உச்சிக் கொண்டை, ஹெட்போன், நைட்டி, எல்லாம் நீலம். கொண்டையும் நீலம். கழுத்து, காது, நாற்காலிக் கையின்மேல் கிடந்த முழங்கை, எல்லாம் அதே நீலம். எங்கே துணி முடிகிறது, எங்கே தோல் ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒரு கோடும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக அவள்மேல்தான் விழுந்தது. ஆனாலும் அவளுக்கு வெளிச்சமான பக்கம் என்றோ இருட்டான பக்கம் என்றோ ஒன்று இல்லை. நாற்காலியின் நிழல் தரையில் கிடந்தது. நாற்காலியின் நிழல் மட்டும்.

"அக்கா, நான்தான்."

திரும்பினாள்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகத்தின் அளவுக்கு நீலம் இருந்தது. கண் இல்லை. வாய் இல்லை. அதன் நடுவில் லேசாக நார் எழும்பியிருந்தது, சுரண்டிய தாள் மாதிரி. அந்த நீலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைந்து அவன் எங்கே நிற்கிறான் என்று தேடியது. கையை நீட்டினாள். விரல்களுக்கு நடுவே கோடு இல்லை. அந்தக் கை காற்றைத் துழாவிக்கொண்டு வந்து அவன் சட்டையைத் தொட்டது, காலரைத் தடவியது, எட்டாம் வயதில் அவனுக்கு அம்மை போட்டபோது நெற்றியில் வைத்துப் பார்த்த மாதிரி அவன் நெற்றியில் வந்து நின்றது. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. தாள் பட்ட மாதிரி இருந்தது.

அம்மா போன பிறகு பத்து வருஷம் அவனுக்குத் தலை வாரிவிட்ட கை அது. அவனை ஆளாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டவள். அவளைத்தான் ஒரு மத்தியான எரிச்சலில் கூட்டத்தில் நிறுத்தியிருக்கிறான்.

"பயப்படாதேக்கா. சரி பண்ணிடறேன். உக்காரு, இங்கேயே உக்காரு."

யாரைக் கூப்பிடுவது? டாக்டரையா? என்னவென்று சொல்வது? மேசைக்கு ஓடினான். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தான். பக்கம் ஒன்று, கூட்டம் ஒன்று, ஆள் ஒன்று. இரண்டு புள்ளிகள் வைத்தால் போதும். கண்ணாவது வரட்டும். தொழிலின் முதல் வாரப் பாடம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. அல்லது நினைவிருந்தும் கை கேட்கவில்லை. சுரண்டிய இடத்தில் தூரிகையின் நுனி பட்டது.

மை ஊறியது. புள்ளி பட்டாணி ஆயிற்று, பட்டாணி சிலந்தி ஆயிற்று. எழும்பி நின்ற நார்களில் ஏறி நாலா பக்கமும் கால் நீட்டியது.

பக்கத்து அறையில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. தடதடவென்று எதிலோ மோதுகிற சத்தம். குரல் இல்லாமல். அதுதான் தாங்க முடியவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் கால் சுண்டுவிரல் இடித்துக்கொண்டால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவள்.

"ஐயோ, அக்கா, அசையாதே. அசையாதே."

உறிஞ்சு தாளை வைத்து அழுத்தினான். பரவியது நின்றது. அதற்குமேல் அங்கே எதுவும் செய்ய முடியாது. அந்த ஆளின் முகத்தில் இனி ஒரு கோடும் நிற்காது. பக்கத்தை வெறித்துப் பார்த்தான். முடிந்த கட்டம், முடிந்த கட்டம், முடிந்த கட்டம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பக்கத்தின் அகலத்துக்கு வெள்ளையாகக் கிடக்கும் கடைசிக் கட்டம். ஒரு பக்கத்தில் ஒரு முகத்துக்கு மட்டும் முழு வேலைப்பாடு.

அதில் வாய் ஏற்கெனவே இருந்தது. முன்பே நிரப்பிக் காய்ந்த கறுப்பு, உள்ளங்கை அளவுக்கு. சுரண்டினால் அங்கேயும் மை ஊறும். மூட முடியாது. அவன் ஒரு கணம்தான் தயங்கினான். இருந்துவிட்டுப் போகட்டும். அக்கா என்றாலே திறந்த வாய்தானே. பேசுகிற வாய் என்று நினைத்துக்கொள்ளலாம். கண் வந்தால் போதும், முகம் வந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வரைந்தான். வாழ்நாளில் அப்படி வரைந்ததில்லை. கண்ணாடி அழுத்தி அழுத்தி மூக்கின் இரண்டு பக்கமும் விழுந்த பள்ளம். இடது புருவத்தில் சின்ன வயதில் இவன் பந்து எறிந்து உண்டாக்கிய தழும்பு. தாடையின் கீழ், அவளே பார்த்திருக்காத மச்சம். காதோரம் நரைத்த மயிரை ஒவ்வொன்றாக இழுத்தான். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம், இன்றைக்குத்தான் பார்க்கிறான். கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டான். கண்களைக் கடைசியில் வைத்தான். அந்தக் கட்டத்தில் அவை மேலே பார்த்தாக வேண்டும். சாய்கிற மணிக்கூண்டைப் பார்க்க வேண்டும். விரிந்த வாய்க்கு வேறு எந்தப் பார்வையும் பொருந்தவில்லை. கை அதன் பாட்டுக்கு வைத்துவிட்டது. பிறகு சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. தோலின் நிறம்.

தூரிகையைக் கீழே வைத்தான். பக்கத்து அறையில் மோதும் சத்தம் நின்றிருந்தது.

காலடி கேட்டது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் அவளுடைய நடைதான். கதவு திறந்தது.

"வந்துட்டியாக்கா" என்றான். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

முகம் வந்திருந்தது. நரை, தழும்பு, மச்சம், எதுவும் தவறவில்லை. கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். கண்கள் வெண்விழி தெரிய விரிந்து, அவன் தலைக்கு மேல் எதையோ பார்த்தன. அவனை அல்ல. அவன் நகர்ந்தான். அவை நகரவில்லை. இமைக்கவில்லை.

வாய் திறந்திருந்தது.

"அக்கா, போதும்க்கா. ஒண்ணும் இல்ல. மூடிக்கோ."

மூடவில்லை. உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. தட்டையான கறுப்பு. மார்பு மேலும் கீழும் ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சு முட்ட முட்ட அவள் அலறிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவன் கிட்டப் போனான். தாடையின் கீழ் கையைக் கொடுத்து, குழந்தைக்கு மூடுகிற மாதிரி, மெல்ல மேலே அழுத்தினான். அசையவில்லை. பலமாக அழுத்தினான். விரல்கள் வழுக்கி உதட்டில் பட்டு உள்ளே போயின.

வெளியே எடுத்தான். மணிக்கட்டு வரை கறுப்பு. ஈரமாக இருந்தது.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் மறுபடி மணி அடித்து, தானாகவே எடுத்துக்கொண்டது. அவளுடைய திறந்த வாய்க்கு ஒரு சாண் கீழே, சின்னதாக, யாரோ ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா? எவ்வளவு நேரமா கூப்பிடறேன்... யாராவது பேசுங்களேன்."